கூழும் மீசையும்: ‘கோல்மால்’ (1979), ‘தில்லு முல்லு’ (1981) திரைப்படங்களில் தகுதியின் அடையாளங்கள்

ஆய்வுச்சுருக்கம்

ஹிருஷிகேஷ் முகர்ஜியின் ‘கோல்மால்’ என்னும் இந்தி நகைச்சுவைப் படத்தைக் கே. பாலசந்தர் 1981இல் ‘தில்லு முல்லு’ என்ற பெயரில் தமிழில் மறு ஆக்கம் செய்தார். கதையின் எலும்புக்கூடு இரு படங்களிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் வேலை தருபவர் எதைக் கண்டு ஒருவனை நல்லவன் என்று நம்புகிறார் என்பதில் நுட்பமான வேறுபாடுகள் உள்ளன. பெயர், மீசை, நடிகரின் பிம்பம் ஆகிய மூன்றின் வழியே அவ்வேறுபாடுகளை இக்கட்டுரை ஆராய்கிறது. பாலசந்தரின் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ (1980) படத்துடன் இணைத்து நோக்கும்போது, ‘தில்லு முல்லு’ இந்திப்படத்தின் படி என்பதைவிட, வேலையின்மை குறித்த தமிழ்ப்பட உரையாடலின் மறுபாதி என்பது புலனாகும் என்பதே கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: மறு ஆக்கம், நகைச்சுவைத் திரைப்படம், வேலையின்மை, மீசை, பெயரிடல் மரபு, கே. பாலசந்தர்.

1. முன்னுரை

மறு ஆக்கப் படங்கள் குறித்த தமிழ்ப்பேச்சு பெரும்பாலும் ‘மூலம் சிறந்ததா, தழுவல் சிறந்ததா’ என்ற ஒரே வினாவில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. சுவை சார்ந்த அவ்வினாவுக்குப் பார்வையாளர்தோறும் விடை வேறுபடும். வரலாற்று நோக்கில் பயன் தரும் வினா வேறொன்று: ஒரு மொழியில் சிரிப்பை விளைவித்த செய்தி இன்னொரு மொழிக்குச் செல்லும்போது எவையெவை மாற்றப்பட வேண்டியிருந்தன, ஏன்?

நகைச்சுவைப் படங்களில் இவ்வினாவுக்குத் தனி வலிமை உண்டு. தாயின் இறப்புக்கு அழுவதற்குப் பார்வையாளருக்கு முன்னறிவு எதுவும் வேண்டியதில்லை. ஒரு பெயரைக் கேட்டுச் சிரிப்பதற்கோ அப்பெயர் எந்த ஊரில், எந்தக் குலத்தில், எந்தத் தலைமுறையில் வழங்குவது என்ற அறிவு வேண்டும். எனவே ஒரு நகைச்சுவைப் படம் மொழி மாறும்போது நேரும் மாற்றங்கள், ஏற்கும் சமூகம் எதனைச் சொல்லாமலே அறிந்திருந்தது என்பதற்குச் சான்றாகின்றன. ‘தில்லு முல்லு’ இவ்வகையில் ஆராய்வதற்கு ஏற்ற படம். ஏனெனில் அது மூலக்கதையைப் பெரிதும் மாற்றவில்லை. மாறாத கதைக்குள் மாறியவை எவை என்று பிரித்துக் காண்பது எளிதாகிறது.

2. இரு படங்களின் தோற்றம்

‘கோல்மால்’ 1979 ஏப்ரலில் வெளிவந்தது. வங்க எழுத்தாளர் சைலேஷ் தேயின் கதையை அடிப்படையாகக் கொண்டது. ராஹி மாசூம் ரசா உரையாடலையும் குல்சார் பாடல்களையும் எழுத, ஆர்.டி. பர்மன் இசையமைத்தார். நாயகனாக அமோல் பாலேகரும் முதலாளியாக உத்பல் தத்தும் நடித்தனர். ஆக, ‘மூலம்’ என்று நாம் வழங்கும் படமே வங்கத்திலிருந்து இந்திக்கு வந்த கதையொன்றின் மறு உருவம்தான். மூலம், தழுவல் என்பவை ஒன்றையொன்று சார்ந்த உறவுப்பெயர்கள் என்பதை இது நினைவூட்டுகிறது.

‘தில்லு முல்லு’ 1981 மே 1 அன்று திரைக்கு வந்தது. நாடக மேடையிலிருந்து வந்த விசு திரைக்கதை, உரையாடலை எழுதினார், எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைத்தார். ரஜினிகாந்த், தேங்காய் சீனிவாசன், சௌகார் ஜானகி, மாதவி, பூர்ணம் விஸ்வநாதன் ஆகியோர் முதன்மை வேடங்களை ஏற்றனர்.

தலைப்புகளிலேயே ஒரு சிறு விலகல் தென்படுகிறது. ‘கோல்மால்’ என்பது குழப்பம், ஒழுங்கின்மை என்னும் நிலையைச் சுட்டும் சொல். ‘தில்லுமுல்லு’ என்பதோ ஒருவர் தெரிந்தே செய்யும் புரட்டைச் சுட்டும். இந்தித் தலைப்பு நிலைமையைப் பெயரிடுகிறது. தமிழ்த்தலைப்பு செயலைப் பெயரிடுகிறது. செயல் என்றவுடன், செய்தவன் யார், ஏன் செய்தான் என்ற வினாக்களும் உடன் எழுகின்றன.

3. மாறாத கட்டமைப்பு

இரு படங்களிலும் தாய்தந்தையை இழந்த, படித்த இளைஞன் ஒருவன் தங்கையுடன் வாழ்கிறான். குடும்ப நண்பரான மருத்துவர் ஒரு நிறுவனத்தில் வேலை இருப்பதைத் தெரிவிக்கிறார். அந்த முதலாளியின் கொள்கைகள் விந்தையானவை: பரிந்துரை கூடாது, விளையாட்டு, பாட்டு, கேளிக்கை கூடாது, உடையும் நடையும் மரபுவழி நிற்க வேண்டும், மீசை இருக்க வேண்டும். மீசையற்றவனின் நெஞ்சு நேர்மையற்றது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. நாயகன் அவர் விரும்பும் உருவை அணிந்துகொண்டு வேலையைப் பெறுகிறான். பிறகு தாயைக் காரணம் காட்டி விடுப்பெடுத்து விளையாட்டுப் போட்டி பார்க்கச் சென்று, அங்கே முதலாளியின் கண்ணில் பட்டுவிடுகிறான். தப்புவதற்காக மீசையில்லாத இரட்டைத் தம்பி ஒருவனைக் கற்பனையில் உருவாக்குகிறான். தம்பிக்காக மீசையை மழிக்கிறான். அண்ணனுக்காக ஒட்டுமீசை வைத்துக்கொள்கிறான். இல்லாத தாய்க்காக ஒரு பெண்மணி நடிக்க நேர்கிறது. முதலாளியின் மகள் தம்பியை விரும்ப, தந்தையோ அண்ணனுக்கு மணம் முடிக்க எண்ணுகிறார்.

இக்கட்டமைப்பின் உயிர்நிலை ஒரு முரண். பொய்யை வெறுக்கும் முதலாளியே பொய்யின்றி யாரும் நுழைய முடியாத வாயிலை அமைத்து வைத்திருக்கிறார். வேலைக்கு உண்மையில் வேண்டிய தகுதி நாயகனிடம் இருக்கிறது. ‘கோல்மா’லின் ராம்பிரசாத் கணக்காயர் தேர்வில் வென்றவன். அவன் பொய் சொல்வது வேலைத்திறன் குறித்து அன்று; வேலைக்குத் தொடர்பில்லாத அடையாளங்கள் குறித்தே. ஒட்டுமீசை வெளிப்பட்ட பின்னரும் ‘கோல்மா’லின் பவானிசங்கர் உண்மையை எட்டுவதில்லை. தம்பி அண்ணனைக் கொன்றுவிட்டு அண்ணன் வேடத்தில் திரிகிறான் என்றே முடிவு செய்கிறார். மீசையுள்ளவனும் மீசையற்றவனும் ஒருவனே என்று ஏற்பதைவிடக் கொலை நடந்துவிட்டது என்று நம்புவது அவருக்கு எளிதாக இருக்கிறது. அடையாளத்தின் மீதான நம்பிக்கை எவ்வளவு இறுகியது என்பதை இத்திருப்பம் சிரிப்பினூடே காட்டிவிடுகிறது.

இந்தியில் ஹாக்கியாக இருந்த விளையாட்டு தமிழில் கால்பந்தானது போன்ற மாற்றங்கள் மேலோட்டமானவை. ஆழமான மாற்றங்கள் பெயரிலும் மீசையிலும் நிகழ்ந்தன.

4. பெயரின் மாற்றம்

‘கோல்மால்’ நாயகன் தன் பெயரை ராம்பிரசாத் தசரத்பிரசாத் சர்மா என்று முழுமையாகச் சொல்லி முதலாளியின் மனத்தைக் கவர்கிறான். தன் பெயர், தந்தை பெயர், குலப்பெயர் என்ற வட இந்திய, மேற்கிந்திய வரிசை அது. தம்பியின் பெயர் லட்சுமண பிரசாத், சுருக்கமாக லக்கி. இராமாயண உடன்பிறப்புகளின் இணையைப் பெயர்களே அமைத்துத் தருகின்றன.

தமிழில் நாயகன் அய்யம்பேட்டை அறிவுடைநம்பி கலியபெருமாள் சந்திரன் ஆகிறான். இங்கே முழுப்பெயர் என்பது ஊரையும் முன்னோரையும் தாங்கி நிற்பது. இறுதியில் வருவது அவனுடைய சொந்தப் பெயர். குலப்பட்டம் எங்கும் இல்லை. இது உரையாடல் ஆசிரியரின் தற்செயலான தெரிவு என்று ஒதுக்கிவிட இயலாது. 1929 பெப்ருவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் இடுவதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானித்தது. காஞ்சிபுரமும் உத்திரமேரூரும் அடங்கிய பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் எழுந்த அக்குரல், அடுத்த அரை நூற்றாண்டில் தமிழ்நாட்டின் பொதுவழக்கையே மாற்றியது. 1981இல் ஒரு தமிழ்ப்பட நாயகன் சாதிப்பட்டத்துடன் பெயர் சொல்லி முதலாளியை மகிழ்வித்திருந்தால், திரையரங்கில் எழுந்த சிரிப்பின் பொருள் வேறாக இருந்திருக்கும். ‘சர்மா’ என்ற சொல் இந்திப் பார்வையாளருக்கு இயல்பான ஈறு. தமிழ்ப் பார்வையாளருக்கு அது சாதியின் அறிவிப்பு. மறு ஆக்கம் அந்த இடத்தை வெற்றிடமாக விடாமல் ஊராலும் முன்னோராலும் நிரப்பியது.

‘அறிவுடைநம்பி’ என்ற பெயர்த்தெரிவும் கருதத்தக்கது. சங்கப் புலமையும் அரசும் ஒருங்கு பெற்ற பாண்டியன் அறிவுடைநம்பியை நினைவூட்டும் தூய தமிழ்ப்பெயர் அது. தனித்தமிழ்ப் பெயரிடல் வழக்கு வேரூன்றியிருந்த காலத்தில், பழந்தமிழ்ப்பெயர் தாங்குவதே ஒழுக்கத்தின் சான்றாக நிற்பதை அக்காட்சி மெல்லக் கிண்டல் செய்கிறது. பெயரைக் கேட்டு மகிழும் முதலாளியின் பெயரோ ஸ்ரீராமச்சந்திரமூர்த்தி. மூலத்தில் நாயகனிடம் இருந்த இராமனின் பெயர் தமிழில் முதலாளிக்கு மாறிவிட்டது. நாயகனுக்கும் அவன் படைத்த தம்பிக்கும் சந்திரன், இந்திரன் என்ற பெயர்கள் அமைந்தன. புராணத்தில் இருவருமே பிறன்மனை நோக்கிய பழிக்கு ஆளானவர்கள். எதுகை நயத்துக்காக மட்டுமே இப்பெயர்கள் இடப்பட்டிருந்தாலும், ஒழுக்கசீலனாக நடிப்பவனின் பெயரிலேயே களங்கம் ஒட்டியிருப்பது இப்பெயரமைப்பின் விளைவு.

5. மீசையின் பொருள்

மீசையை மானத்தின் குறியாகக் கொள்ளும் வழக்கு இந்தியாவின் பல மொழிகளிலும் உண்டு. எனவே மூலத்தின் மையப்பொருளைத் தமிழ் அப்படியே ஏற்க முடிந்தது. எனினும் தமிழ்ச்சூழலில் மீசை ஒற்றைப் பொருள் உடையதன்று. வைதிக ஒழுக்கத்தில் மழித்த முகமே ஆசாரத்தின் அடையாளம். பாரதியின் மீசை அவ்வொழுக்கத்தை மீறியதன் சின்னமாகவே நினைவுகூரப்படுகிறது. மறுபுறம், 1959இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் சிவாஜி கணேசன் முறுக்கிய மீசை வீரத்தின் பொதுப்படிமமாக நிலைத்தது. மீசையை முறுக்கும் உரிமையும் எல்லாச் சாதியினருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. ஒடுக்கப்பட்டோர் மீசை வைத்ததற்காகத் தாக்கப்பட்ட செய்திகள் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து அண்மைக்காலம் வரை வந்துள்ளன. ஆகவே, ‘மீசை உள்ளவனே நல்லவன்’ என்ற கொள்கை தமிழ்நாட்டில் எந்த ஒரு மரபின் முழுமையான குரலும் அன்று. அது ஒரு தனிமனிதரின் பிடிவாதமாக நின்று, அதனாலேயே கூடுதல் நகைப்புக்கு உரியதாகிறது.

‘கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை’ என்பது பழமொழி. கூழைக் குடித்தால் மீசையில் ஒட்டும். மீசையைக் காத்தால் கூழ் இறங்காது. வயிற்றுப்பாட்டுக்கும் மானத்துக்கும் இடையில் ஒன்றையே தேர முடியும் என்பது அதன் உட்பொருள். ‘தில்லு முல்லு’வில் இந்தப் பழமொழி தலைகீழாகிறது. மீசை இருந்தால்தான் கூழ். மானத்தின் குறி வேலைக்கான நுழைவுச்சீட்டாகிவிட்டது. நுழைவுச்சீட்டு ஆனபின் அது கடையில் வாங்கி ஒட்டத்தக்க பொருளாகவும் ஆகிவிடுகிறது. இக்கதையைப் பின்னர்க் கன்னடத்தில் 1990இல் எடுத்தபோது, ஆசையையும் மீசையையும் இணைத்து ‘ஆசெகொப்ப மீசெகொப்ப’ என்று பெயரிட்டனர். தென்னாட்டு மொழிவழக்கில் மீசைக்கும் ஆசைக்கும் உள்ள உறவு இக்கதையை எவ்வாறு தனதாக்கிக்கொண்டது என்பதற்கு அத்தலைப்பு மற்றொரு சான்று.

6. நடிகரின் பிம்பமும் சிரிப்பின் இடமும்

மூலத்திற்கும் மறு ஆக்கத்திற்கும் இடையில் உள்ள மிகப் பெரிய இடைவெளி கதையில் இல்லை, நடிகரில் உள்ளது. அமோல் பாலேகர் அண்டைவீட்டு இளைஞனின் சாயலால் புகழ்பெற்றவர். ‘கோல்மால்’ அச்சாயலை வெளிப்படையாகவே பயன்படுத்துகிறது. அதன் கனவுப்பாடல் ஒன்றில் நாயகன் பெரும் நடிகனாகிவிட, அமிதாப் பச்சன் வாய்ப்பிழந்தவராகத் தோன்றுகிறார். நட்சத்திரம் என்பது எளியவனின் கனவில் மட்டுமே எட்டக்கூடியது என்பதே அப்பாடலின் நகைச்சுவை.

ரஜினிகாந்தின் நிலை இதற்கு நேர்மாறானது. அமிதாப் நடித்த ‘டான்’ தமிழில் ‘பில்லா’ (1980) ஆனபோதும், ‘தீவார்’ ‘தீ’ (1981) ஆனபோதும் அவ்வேடங்களை ஏற்றவர் அவரே. பாலேகர் கனவில் மட்டும் அமர்ந்த இடத்தில் ரஜினிகாந்த் நனவிலேயே அமர்ந்திருந்தார். அதே நடிகர் சில மாதங்களுக்குள் பாலேகரின் வேடத்துக்கு வந்தபோது, அந்தக் கனவுப்பாடலின் பொருள் தமிழில் நிற்க வழியில்லை. கதையின் இறுதிப் பகுதியில் கமல்ஹாசன் வழக்கறிஞராகச் சிறு வேடத்தில் வந்துபோவது, நட்சத்திரம் நட்சத்திரத்துக்குச் செய்யும் நட்பின் அடையாளமாக அமைகிறது. எளியவனுக்கும் நட்சத்திரத்துக்கும் உள்ள தொலைவு அங்கே பேசப்படுவதில்லை.

இந்த இழப்புக்கு ஈடாக மறு ஆக்கம் வேறொன்றைப் பெற்றது. ரஜினிகாந்த் மீசையின்றித் தோன்றிய முதல் படமாக ‘தில்லு முல்லு’ பரவலாக அறியப்படுகிறது. ‘கோல்மா’லில் மழிக்கப்பட்டது ஒரு பாத்திரத்தின் மீசை, ‘தில்லு முல்லு’வில் மழிக்கப்பட்டது ஒரு நட்சத்திரத்தின் மீசையும்கூட. மீசையில்லாவிட்டால் ஆள் மாறிவிடுவானா என்று முதலாளியை நோக்கி எழும் வினா, ஆண்மையின் அடையாளங்களைத் திரையில் தேடிய பார்வையாளரை நோக்கியும் திரும்புகிறது.

சிரிப்பின் இருப்பிடமும் மாறியது. உத்பல் தத் வங்க அரசியல் நாடகத்தின் முன்னோடி, மார்க்சியர், தம் நாடகப்பணிக்காக 1965இல் சிறைவைக்கப்பட்டவர். அத்தகையவர் பழமைவாத முதலாளியாக முழு இறுக்கத்துடன் நடிக்கும்போது நகைச்சுவை உள்ளடங்கி எழுகிறது. தேங்காய் சீனிவாசனோ நாடக மேடையில் தேங்காய் வியாபாரியாக நடித்து அப்பெயரையே அடைமொழியாகப் பெற்ற நகைச்சுவை நடிகர். எனவே தமிழில் முதலாளியின் வெடிப்பும் திகைப்பும் வெளிப்படையாக அமைகின்றன. வசனத்தின் வேகமும் மிகுகிறது. விசு, தேங்காய் சீனிவாசன், பூர்ணம் விஸ்வநாதன், பாலசந்தர் என அனைவரும் சென்னை நாடக மேடையின் வழிவந்தவர்கள். ‘தில்லு முல்லு’வின் சொல்விளையாட்டு அந்த மேடையின் கொடை. ‘எதிர்நீச்ச’லில் (1968) பாலசந்தரிடம் நகைச்சுவை வேடம் ஏற்ற சௌகார் ஜானகி இங்கே பொய்த்தாயாக வருவதும் அதே தொடர்ச்சியே.

7. வேலையின்மையின் இரு முகங்கள்

‘தில்லு முல்லு’வுக்கு ஆறு மாதங்களுக்கு முன், 1980 நவம்பரில், பாலசந்தரின் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ வெளிவந்தது. தில்லியில் வேலை தேடி அலையும் படித்த தமிழ் இளைஞன் ரங்கனின் கதை அது. விருந்தினர் முன் மானம் போகாதிருக்க, உணவே இல்லாத இடத்தில் உண்பது போல் நண்பர்கள் ஒலியெழுப்பி நடிக்கும் காட்சி அதில் உண்டு. பசியை மறைக்கும் அந்நடிப்பும், வேலைக்காக மீசையை ஒட்டும் நடிப்பும் ஒரே வேரில் கிளைத்தவை. ஒன்றில் மானத்தைக் காக்கப் பொய். மற்றொன்றில் கூழைக் காக்கப் பொய்.

ரங்கன் தன் கொள்கையை விட்டுக்கொடுக்க மறுத்து, இறுதியில் முடிதிருத்துபவனாகிறான். உழைப்பில் இழிவில்லை என்று தந்தைக்கு உணர்த்துகிறான். அந்தத் தந்தையாக நடித்த பூர்ணம் விஸ்வநாதனே ‘தில்லு முல்லு’வில் நாயகனுக்கு வேலைக்கு வழிகாட்டும் மருத்துவர். ஒரு படத்தில் படித்தவன் பிறர் முகத்தை மழித்து உண்மையாக வாழ்கிறான். அடுத்த படத்தில் படித்தவன் தன் முகத்தை மழித்துப் பொய்யாக வேலையைத் தக்கவைக்கிறான். இயக்குநர் இவ்விணையைக் கருதியே அமைத்தார் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஆறு மாத இடைவெளியில் இரண்டையும் கண்ட தமிழ்ப் பார்வையாளருக்கு, சந்திரனின் பொய் வெறும் குறும்பாக மட்டும் தோன்றியிராது. பொய் சொல்ல மறுத்தவனுக்கு என்ன நேர்ந்தது என்பதை அவர்கள் முன்பே பார்த்திருந்தனர். இந்திப்படத்துக்கு இல்லாத இப்பின்புலத்தைத் தமிழ்த்திரையே அதற்கு வழங்கியது.

எனினும் இரு நகைச்சுவைப் படங்களுக்கும் பொதுவான வரம்பு ஒன்று உண்டு. வேலை குறித்துத் தொடங்கிய சிக்கல் திருமணத்தில் தீர்கிறது. ஊழியன் மருமகனாகிவிட்டபின், பரிந்துரையற்ற, மீசையற்ற, தங்கைக்குப் பொறுப்பேற்ற மற்ற இளைஞர்களின் நிலை என்ன என்ற வினா எழுவதில்லை. மீசையைத் தகுதியாகக் கொண்ட நிறுவனத்தில் பெண்ணுக்கு இடமில்லை என்பதையும் எந்தப் படமும் சுட்டவில்லை. கதையின் பெண்களுக்குக் கிடைப்பவை தங்கை, காதலி, பொய்த்தாய் என்னும் வேடங்களே. ‘கோல்மா’லின் இறுதிக் குடும்பப் புகைப்படத்தில் பவானிசங்கரே மீசையை மழித்து நிற்கிறார். கொள்கை வீழ்ந்தது, வேலை தரும் அதிகாரம் அவரிடமே இருந்தது.

8. 2013இன் மறு ஆக்கம்

பத்ரி இயக்கத்தில் சிவாவும் பிரகாஷ்ராஜும் நடித்த ‘தில்லு முல்லு’ 2013 ஜூனில் வெளிவந்தது. இதில் இரட்டையரைப் பிரிக்கும் அடையாளம் மீசையன்று, கண்ணின் நிறம். முதலாளியின் மனத்தைக் கவர்வது முருக பக்தி. மழித்த முகம் அலுவலகங்களில் இயல்பாகிவிட்ட காலத்தில் மீசைக்குப் பழைய அதிகாரம் இல்லை என்பதை இம்மாற்றம் மறைமுகமாக ஒப்புக்கொள்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு முக்கியமானது. மீசை ஒருவன் வளர்ப்பது. அதனால் அதை ஒழுக்கத்தின் தெரிவாகக் கருத ஒரு போலிக்காரணமேனும் இருந்தது. கண்ணின் நிறம் பிறப்பால் வருவது. எனவே அது இரட்டையரை வேறுபடுத்தும் குறியாக மட்டும் நின்றது. குணத்தை அளக்கும் கோலாக ஆகவில்லை. மூலத்தில் ஒரே பொருள் ஆற்றிய இரு பணிகள் இங்கே பக்திக்கும் கண்ணுக்குமாகப் பிரிந்ததால், கதையின் அங்கதக் கூர்மை குறைந்தது.

9. முடிவுரை

‘தில்லு முல்லு’ மூலக்கதையைக் காத்து, அதனுள் இருந்த அளவுகோல்களை மாற்றியது. சாதிப்பட்டம் இருந்த இடத்தில் ஊரும் முன்னோரும் வந்தனர். எளிய நாயகனின் இடத்தில் நட்சத்திரம் வந்தது. வங்க மேடையின் உள்ளடங்கிய நகைச்சுவைக்குப் பதிலாகச் சென்னை மேடையின் சொல்வேகம் வந்தது. இம்மாற்றங்களுள் பெயரின் மாற்றம் சமூக இயக்கமொன்றின் வெற்றிக்குச் சான்று. நடிகரின் மாற்றத்தில் எளியவனின் கனவு மறைந்தது. மீசை குறித்த வினா கூர்மை பெற்றது. வேலையின்மையின் பின்புலமோ இயக்குநரின் முந்தைய படத்திலிருந்து கடனாகக் கிடைத்தது. மறு ஆக்கத்தை மூலத்துடன் மட்டும் ஒப்பிடும் முறை இக்கடனைக் காணாது. ஏற்கும் மொழியின் முந்தைய படங்கள், பெயர்வழக்கு, பழமொழி ஆகியவற்றுடனும் வைத்து ஒப்பிடும்போதே, ஒரு நகைச்சுவைப் படம் எதைக் கண்டு சிரிக்க வைத்தது என்பது தெளிவாகும்.